“அம்மா எங்கே?” என்று திரும்பத் திரும்பக் கேட்கும் அப்பா

கேள்வி:

என் அப்பாவுக்கு வயது 79. கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடங்களுக்கு முன்பு அல்சைமர் என்று சொன்னார்கள். என்னோடுதான் இருக்கிறார், நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மருத்துவரிடம் போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் போதும், “எத்தனை மணிக்குப் போகணும்?” என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்பார். சாயங்காலமானால் “அம்மா எங்கே?” தொடங்கிவிடும். அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. உண்மையைச் சொன்னால் அழுகிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்கிறார். போன வாரம் சளிக்காகக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து ராத்திரியும் தூங்காமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நேற்று கத்திவிட்டேன். “எத்தனை தடவைதான் சொல்றது?” என்றேன். ஒன்றும் பேசாமல் சுருங்கி உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஆபீஸ் கதையை ஒன்றுவிடாமல் சொல்கிறவருக்கு இப்போது சொன்னது எப்படி மறக்கும்? வேண்டுமென்றே செய்கிறாரோ என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது. வேறு ஊரில் இருக்கும் அண்ணன், “பொறுமையா இரு, முடியலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி அமைதிப்படுத்துற மாத்திரை ஏதாவது வாங்கு” என்கிறான். நான் என்ன செய்வது? பொய் சொல்லலாமா?

— ஒரு மகள்

முதியோர் மனநல மருத்துவரின் பதில்:

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம்: சளி மாத்திரை. கடையில் கிடைக்கும் சளி, அலர்ஜி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் மூளைக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையை இவை தடுக்கும். அல்சைமரில் அந்த ரசாயனம் ஏற்கெனவே குறைந்துபோயிருக்கிறது. டோனெபெசில் மாதிரியான மாத்திரைகளைக் கொடுப்பதே, மிச்சம் இருப்பது சிதையாமல் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்றுதான். அப்பா அதைச் சாப்பிடுகிறார் என்றால், ஒரு மாத்திரை செய்வதை இன்னொன்று கெடுத்துக்கொண்டிருக்கிறது. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய் அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரைதான் காரணம் என்று நான் இங்கிருந்து அடித்துச் சொல்ல மாட்டேன். சளி நெஞ்சில் இறங்கியிருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் தெரியாமல் போவதுண்டு. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், போதுமான தண்ணீர் குடிக்காதது, எங்கோ ஒரு வலி, எதுவும் இப்படிக் காட்டும். டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல நகர்வது. ஓரிரு நாளில் கேள்விகள் சட்டென்று கூடினால், “நோய் முற்றிடுச்சு” என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதில் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை.

சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

வேண்டுமென்றே செய்கிறாரா? இல்லை. ஆனால் உங்களுக்கு அப்படித் தோன்றுவதில் ஆச்சரியமும் இல்லை, ஏனென்றால் இந்த நோய் பார்க்கிறவரை ஏமாற்றும். புதிதாக நடப்பதைப் பதிந்து வைக்க மூளையின் உட்பகுதியில் ஹிப்போகாம்பஸ் என்ற சிறிய பகுதி வேண்டும். அல்சைமர் முதலில் கைவைக்கும் இடங்களில் அது ஒன்று. பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப நினைத்துப் பழகிய பழைய நினைவுகள் மூளையின் மற்ற இடங்களில் பரவி ஊன்றியிருப்பதால் அவை வெகுநாள் தாக்குப்பிடிக்கின்றன. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-ல் வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்து, இரண்டு பக்கத்து ஹிப்போகாம்பஸையும் பெருமளவு எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 2008-ல் இறக்கும்வரை, சற்று முன் பேசியதுகூட அவரிடம் தங்கவில்லை. சிறுவயதில் நடந்ததோ நினைவில் இருந்தது. உங்கள் அப்பாவின் ஆபீஸ் கதையும் நீங்கள் இப்போது சொன்ன பதிலும் வேறு வேறு இடத்துச் சமாசாரம். சொல்லப்போனால் உங்கள் பதில் அவருக்கு “மறந்துபோகவே” இல்லை. பதிந்தால்தானே மறப்பதற்கு? ஒவ்வொரு முறையும் அவர் முதல் முறையாகத்தான் கேட்கிறார். அதனால் “இப்பத்தானே சொன்னேன்” என்பது அவர் காதில் செய்யாத குற்றத்துக்கான பழியாக விழுகிறது.

பதில் தங்குவதில்லை, கவலை மட்டும் எப்படித் தங்குகிறது? இதை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படக்காட்சிகளையும் சிரிப்பு வரவழைக்கும் காட்சிகளையும் காட்டினார்கள். பார்த்த காட்சி கொஞ்ச நேரத்தில் நினைவிலிருந்து போய்விட்டது. அது கிளப்பிய உணர்ச்சி போகவில்லை. எதனால் வருத்தமாக இருக்கிறோம் என்று தெரியாமலேயே வருத்தமாக இருந்தார்கள். நீங்கள் நேற்று கத்தியதை அப்பா மறந்திருப்பார். ஆனால் ஏதோ சரியில்லை என்ற கலக்கம் கொஞ்ச நேரம் அவரிடம் இருந்திருக்கும். கலக்கம் இருந்தால் கேள்வி கூடும். இதைச் சொல்வது உங்களைக் குத்துவதற்காக அல்ல. இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்கிறது. கத்திய பத்து நிமிடத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால், அந்த இதமும் காரணம் தெரியாமலேயே அவரிடம் தங்கும். மன்னிப்புக் கேட்டு விளக்கம் சொல்ல வேண்டாம். எதற்கு மன்னிப்பு என்று அவர் குழம்புவார்.

கேள்விகளை நிறுத்துவது எப்படி என்று என்னிடம் வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். முழுக்க நிறுத்த முடியாது. எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஒவ்வொரு கேள்வியும் உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும் சக்தியையும் குறைக்கலாம். அதற்கு முதலில் ஒரு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை மணி, என்ன கேட்டார், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. எல்லாவற்றையும் எழுத முடியாது, அகப்பட்டதை எழுதினால் போதும். நீங்கள் போனில் பேசும்போதா, கண்ணில் படாமல் வேறு அறைக்குப் போகும்போதா, டிவியில் செய்தி ஓடும்போதா, கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும்போதா? பெரும்பாலான வீடுகளில் ஒரு வாரத்துக்குள் ஏதாவது ஒரு ஒழுங்கு தெரிந்துவிடும்.

உங்கள் அப்பாவின் இரண்டு கேள்விகளும் ஒரே ரகம் அல்ல. அதனால் சமாளிக்கும் வழியும் ஒன்றல்ல.

“எத்தனை மணிக்குப் போகணும்?” என்பது சுலபமானது. அதற்கு முதல் வழி, முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பது. அவரிடம் மறைக்கிறோமே என்று தோன்றும். வாழ்நாள் முழுக்கத் தேதி தவறாமல் வேலை பார்த்த மனிதருக்கு ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டு, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழியையும் தராமல் விட்டால் அவர் நாள் முழுக்கத் தவிப்பார். அந்தத் தவிப்பைத் தருவது நேர்மைக்காகக் கொடுக்கும் அநியாய விலை என்பது என் எண்ணம். கிளம்புவதற்குச் சற்று முன், செருப்பை எடுத்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை மருத்துவ ஃபைல், பை, குடை எதுவும் அவர் கண்ணில் பட வேண்டாம். வாசல் பக்கம் ஒரு பை இருந்தாலே “எங்கே போறோம்?” ஆரம்பமாகிவிடும்.

முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்றால் எழுத்துக்கு மாறுங்கள். கணக்காளர் என்பதால் இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். பேச்சை மனதில் நிறுத்த முடியாத பலரால் வெகுநாள்வரை படிக்க முடிகிறது. மிஷல் பூர்ஷ்வா என்ற பேச்சுமொழி வல்லுநர் 1990-களில் இப்படிப்பட்ட ஞாபக அட்டைகளை வைத்து, திரும்பத் திரும்பக் கேட்பது குறைகிறது என்று காட்டினார். உள்ளங்கை அளவு அட்டையில், பெரிய எழுத்தில், இரண்டே வரி: “டாக்டரிடம் போவது புதன்கிழமை காலை 10 மணி. மகள் கூட வருவாள்.” இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள், நேரத்தைவிட அதுதான் அவருக்கு வேண்டியிருக்கும். அட்டை அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். கிழமையும் தேதியும் பெரிதாகக் காட்டும் கடிகாரம் ஒன்றும் அவர் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே இருந்தால் நல்லது. அப்புறம் அவர் கேட்கும்போது நீங்கள் நேரத்தைச் சொல்லாதீர்கள். “கார்டுல எழுதியிருக்கு, பாருங்கப்பா” என்று மட்டும் சொல்லுங்கள்.

கார்டு இருப்பதே மறந்துபோகுமே என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு பயிற்சி இருக்கிறது. கேமரன் கேம்ப் என்ற அமெரிக்க உளவியலாளர் டிமென்ஷியா உள்ளவர்களுக்காக வளர்த்தெடுத்தது. “நேரம் தெரியணும்னா எங்கே பார்ப்பீங்க?” என்று கேட்டு, பதிலையும் நீங்களே சொல்லிக் கொடுங்கள்: “சட்டைப்பையில இருக்கிற கார்டுல.” அவரையும் ஒரு முறை சொல்லச் சொல்லி, கார்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நிமிடம் கழித்துக் கேளுங்கள். சரியாகச் சொன்னால் ஒரு நிமிடம், அப்புறம் இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். நடுவில் சும்மா பேசிக்கொண்டிருக்கலாம். தவறினால் யோசிக்க விடாமல் உடனே சரியான பதிலைச் சொல்லிவிட்டு, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்புங்கள். தப்பான பதிலைத் தேடித் தடுமாறினால் அந்தத் தப்பே பழகிவிடும். இது வேலை செய்வதற்குக் காரணம், கைப்பழக்கம் வேறொரு வழியில் பதிகிறது. மொலைசனும் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் வரையப் பழகினார். நாளுக்கு நாள் கை தேறியது, பழகியதாகவே அவருக்கு நினைவில்லை. நோயின் ஆரம்ப, நடுக் கட்டங்களில் இது பலருக்குக் கைகொடுக்கும், எல்லோருக்கும் அல்ல. அப்பா எரிச்சலாகிக் கார்டைக் கிழித்தால் விட்டுவிடுங்கள்.

“அம்மா எங்கே?” என்பதுதான் கடினமானது.

“அம்மா செத்துப்போய்ட்டாங்கப்பா” என்று ஒவ்வொரு முறையும் சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவருக்கு அது பழைய செய்தி அல்ல. மனைவி இறந்த செய்தியை ஒரே சாயங்காலத்தில் பல தடவை புதிதாகக் கேட்கிறார். அழுது முடித்த பிறகு செய்தி போய்விடுகிறது, துக்கம் போவதில்லை. அந்தத் துக்கத்தோடு அவர் தேடுவது யாரை? மறுபடியும் அம்மாவைத்தான்.

அதற்காக, “வெளியே போயிருக்காங்க, வந்துடுவாங்க” என்று சொல்வதையும் நான் பரிந்துரைப்பதில்லை. பொய் என்பதற்காக அல்ல. டிமென்ஷியா உள்ளவரிடம் அவரை ஆற்றுவதற்காகச் சொல்லும் சின்னப் பொய்யைப் பெரிய பாவமாக நான் நினைக்கவில்லை. என் துறையிலேயே இதைப் பற்றி இரண்டு பக்கமும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் கவலை நடைமுறை சார்ந்தது. வருவார் என்றால் அவர் காத்திருப்பார். வாசலைப் பார்ப்பார். “ஏன் இன்னும் வரலை? இருட்டிடுச்சே, போய்ப் பார்க்கட்டுமா?” என்று கிளம்புவார். ஒரு கேள்வியை அடக்கப்போய் மூன்றை வரவழைத்திருப்பீர்கள்.

இரண்டும் இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. எங்கே என்பதை விட்டுவிட்டு அம்மாவைப் பற்றிப் பேசுவது. “அம்மா ஞாபகம் வந்துடுச்சாப்பா?” என்று கேளுங்கள். “நீங்க ஆபீஸ்லேர்ந்து லேட்டா வந்தா அம்மா என்ன சொல்வாங்க?” என்று கேளுங்கள். அவர் பேசட்டும். பழைய ஆல்பம் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அவர் சொல்வது உண்மையா, சரியான வரிசையா என்றெல்லாம் திருத்த வேண்டாம். நவோமி ஃபெயில் என்ற சமூகப் பணியாளர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சொல்லிக்கொடுத்தது ஏறக்குறைய இதைத்தான்: தகவலோடு மல்லுக்கட்டாதே, உணர்ச்சியை ஏற்றுக்கொள். அவருடைய முறை அத்தனைக்கும் உறுதியான ஆதாரம் உண்டு என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த ஒரு பகுதி வீடுகளில் பலன் தருவதை நிறையப் பார்க்கிறேன்.

ஒரு விதிவிலக்கு. சில நாள் அவர் உங்கள் முகத்தைப் பார்த்து, “அம்மா போய்ட்டாளா?” என்று நேராகக் கேட்பார். அது தெரிந்து கேட்பது. அப்போது மழுப்பாதீர்கள். “ஆமாப்பா. எனக்கும் கஷ்டமா இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கூடவே இருங்கள். அந்த நேரத்தில் ஏமாற்றினால், எல்லோரும் தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் தட்டும். அதைச் சமாளிப்பது இன்னும் கஷ்டம்.

இந்தக் கேள்வி சாயங்காலமானால் தொடங்குவதையும் கவனியுங்கள். டிமென்ஷியாவில் உடம்பின் நேரக்கணக்கு தடுமாறும், பகல் முழுக்கச் சேர்ந்த களைப்பும் இருக்கும், மங்கிய வெளிச்சத்தில் நிழல்கள் மிரட்டும். இருட்டத் தொடங்குவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டு, திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். காலையில் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நடக்கட்டும். மதியத் தூக்கம் நீள வேண்டாம். இன்னொன்று, வாழ்நாளெல்லாம் அவருக்குப் பசித்தாலும் தலைவலித்தாலும் கவனித்தது உங்கள் அம்மா என்றால், இப்போது பசி வந்தாலும் வாயில் வருவது “அம்மா எங்கே?” என்றுதான் இருக்கும். அதனால் அந்தக் கேள்வி வந்ததும் முதலில் உடம்பைப் பாருங்கள்: கடைசியாக எப்போது சாப்பிட்டார், தண்ணீர் குடித்தாரா, கழிவறைக்குப் போனாரா, குளிர்கிறதா. காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பதில் சரியாகக் கேட்காததாலேயே மறுபடி கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பதில் சொல்லும் விதம் பற்றிக் கொஞ்சம். இன்னொரு அறையிலிருந்து குரல் கொடுக்காமல் எதிரே வந்து, கண்ணைப் பார்த்து, ஒரே வரியில் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், விளக்கத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் புதுக் கேள்விக்கு வித்து. சொல்லி முடித்த உடனே கைக்கு ஒரு வேலை கொடுங்கள். உங்கள் அப்பாவுக்குப் பழைய ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்குவது, சில்லறையை எண்ணிப் பிரிப்பது, கட்டம் போட்ட நோட்டில் கூட்டல் போடுவது பிடிக்கலாம். கூட்டல் சரியா என்று பார்க்காதீர்கள். “இப்ப நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம்” என்று சோதிப்பது மட்டும் கூடவே கூடாது. மேலே சொன்ன கார்டுப் பயிற்சியில் பதிலை முதலிலேயே கையில் கொடுத்துவிடுகிறோம். இது அப்படியல்ல, வெறும் தேர்வு, அதில் அவர் தோற்கத்தான் செய்வார்.

அமைதிப்படுத்தும் மாத்திரை வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்பதற்கென்று மருந்து கிடையாது. அமைதிக்காகக் கொடுக்கும் ஆன்டிசைகோடிக் என்ற மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களில் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரிக்கை கொடுத்தது. அவருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து வரும் அளவுக்கு ஆவேசமோ பெரும் பயமோ இருந்தால், மருத்துவர் எல்லாவற்றையும் எடைபோட்டுக் கொஞ்ச காலத்துக்குக் கொடுப்பதுண்டு. கேள்வி கேட்கிறார் என்பதற்காகக் கொடுப்பது சரியல்ல. தூக்க மாத்திரை கொடுத்தால் குழப்பமும் கூடும், விழுந்து எலும்பு முறியும் அபாயமும் கூடும்.

இனி நீங்கள். ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டு தடவை சொன்ன பிறகு மூன்றாவதற்கு ஒரு தலையசைப்பு, தோளில் ஒரு கை, “ம்ம்” போதும். சில நேரம் அதுவே பதிலைவிட நன்றாக வேலை செய்கிறது. குரல் ஏறப்போகிறது என்று தெரிந்தால், அவர் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும்பட்சத்தில், “பாத்ரூம் போய்ட்டு வந்துடுறேன்பா” என்று எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஒரு காதில் மட்டும் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். கத்திவிட்டு அதை எழுதி ஆலோசனை கேட்கிறவரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது, கை ஓங்கத் தோன்றுகிறது, இதெல்லாம் எப்போது முடியும் என்ற நினைப்பே நாள் முழுக்க ஓடுகிறது என்றால், அப்பாவுக்காக அல்ல, உங்களுக்காக ஒரு மருத்துவரைப் பாருங்கள். இரவிலும் விழித்துக் கவனிக்கிறவர்களுக்கு மனச்சோர்வு வருவது சகஜம், அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது.

உங்கள் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொறுமை தூரத்திலிருந்து அனுப்பக்கூடிய பொருள் அல்ல, நேரத்தை அனுப்பலாம். தினமும் சாயங்காலம், அந்தக் கேள்வி தொடங்கும் வேளைக்குச் சற்று முன், அவர் அப்பாவுக்கு வீடியோ காலில் வரட்டும். அரை மணி நேரம் அதே ஆபீஸ் கதையைக் கேட்கட்டும். “அம்மா எங்கே?” என்று அவரிடமும் வரும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னால் அப்பா இன்னும் குழம்புவார். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு வாரமாவது தங்கட்டும். நோட்டு, கார்டு, மருத்துவரின் போன் நம்பர் மூன்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, அந்த வாரம் நீங்கள் வேறு எங்காவது போய்த் தூங்குங்கள். கூடமாட உதவிக்கு என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். நீங்கள் கண்ணில் படும்வரை அப்பா உங்களிடம்தான் கேட்பார்.